முறுக்கினால் மூச்சுமுட்டும் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே புகார்தான். ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால் வண்டி ஒழுங்காகப் போகிறது, சட்டென்று முறுக்கினால் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் ஃபோர்-ஸ்ட்ரோக் டர்ட் பைக் திணறலுக்கே ஒதுக்கிவிட்டோம்.

2007 யமஹா டபிள்யூஆர்450எஃப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஐடிலிங்கில் இருந்து சட்டென்று முழுதாக முறுக்கினால் ‘பொக்’ என்று அடைத்து, சில சமயம் அணைந்தே போகிறது. பைலட் ஜெட், மெயின் ஜெட் இரண்டையும் மாற்றியாயிற்று. ஒன்றும் குறையவில்லை. அடுத்து எந்த ஜெட்டை மாற்றுவது?
— கோவை வாசகர்

எந்த ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) வேண்டாம். மாற்றிய இரண்டையும் கழற்றிப் பழையவற்றையே போடுங்கள். முறுக்கிய முதல் நொடியில் மட்டும் வரும் திணறலுக்கு மெயின் ஜெட் பொறுப்பல்ல. அதன் ஆட்சி முக்கால் திருகலுக்கு மேல்தான்.

உங்கள் வண்டியில் இருப்பது கெய்ஹின் எஃப்சிஆர் கார்புரேட்டர். இதில் காற்றுவழியை மூடித் திறக்கும் ஸ்லைடை ஆக்ஸிலேட்டர் கேபிள் நேரடியாகத் தூக்குகிறது. நீங்கள் முறுக்கியதும் காற்றுவழி ஒரே வீச்சில் திறந்துகொள்ளும். காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் காற்றைவிடக் கனமானது, மேலே ஏறிவரச் சற்றுத் தாமதமாகும். அந்த இடைவெளியில் இன்ஜினுக்குக் கிடைப்பது வெறும் காற்று. இதை ஈடுகட்டத்தான் எஃப்சிஆரில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. முறுக்கியதும் சிறு ஊசித்துளை வழியாகப் பெட்ரோலைப் பீச்சுவது அதன் வேலை. ‘பொக்’ என்று அடைக்கிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் டேப்பைத் திறந்து, இன்ஜினை ஓட்டாமல், டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். இன்னொருவரை ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கச் சொல்லுங்கள். மெல்லிய, நேரான ஒரு பீச்சல் உடனே கிளம்பி, எழும் ஸ்லைடின் அடிவிளிம்பை உரசாமல் அதன்கீழ் நுழைந்து இன்ஜின் பக்கம் போக வேண்டும். ஒரு நொடிக்குள் நின்றும்விட வேண்டும்.

பீச்சலே இல்லையா, சொட்டுச் சொட்டாக வருகிறதா? பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பம்ப் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் டயஃப்ரம் (சவ்வு), ஸ்பிரிங், சின்ன ஓ-ரிங்குகள் இருக்கும். டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையோ வெடிப்போ தெரிந்தால் புதிதுதான் போட வேண்டும், ஒட்டுப் போட்டால் நிற்காது. டயஃப்ரம் நன்றாக இருந்தால் அதை அழுத்தும் தள்ளுகம்பியைப் பாருங்கள். தண்ணீர் பீச்சிக் கழுவும் வண்டிகளில் அதன் ரப்பர் உறை கிழிந்து, சேறு புகுந்து, கம்பி தன் குழாயிலேயே இறுகிவிடும். விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் வர வேண்டும். அதுவும் சரியென்றால் பீச்சும் துளை அடைத்திருக்கிறது. கார்ப் கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் பீச்சலின் திசையே மாறிவிடும்.

பீச்சல் வருகிறது, ஆனால் ஸ்லைடின் முதுகில் மோதி வழிகிறது என்றால் நேரம் முந்திவிட்டது. பம்ப் கையில் (அதை இயக்கும் லீவரில்) உள்ள சிறு திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். நேரம் பிந்துகிறது என்றால் பலர் செய்யும் ஓ-ரிங் வேலை கைகொடுக்கும். பம்பை இயக்கும் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வேகமாக முறுக்கும்போது அது நெகிழ்ந்து பீச்சலைத் தாமதிக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு ஓ-ரிங்கை மாட்டினால் அந்த நெகிழ்வு போய்விடும். பெட்ரோல் தாங்கும் ரகமாக வாங்குங்கள். குழாய்க்குப் போடும் சாதாரண வாஷர் ரப்பர் ஒரு மாதத்தில் ஊறி அறுந்துவிடும். மிக இறுக்கமானதும் வேண்டாம், கை வளையும்.

கடைசியாக லீக் ஜெட். பம்ப் தள்ளும் பெட்ரோலில் ஒரு பங்கைக் கிண்ணத்துக்கே திருப்பிவிடும் துளை இது. மற்ற ஜெட்களுக்குத் தலைகீழாக யோசிக்க வேண்டும்: எண் பெரிதானால் பீச்சல் குறையும், எண் சிறிதானால் கூடும். முறுக்கியதும் அடைத்து, கூடவே கறுப்புப் புகையும் வந்தால் பீச்சல் அதிகம் என்று அர்த்தம். அப்போது எண்ணைக் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கெய்ஹின் திருகுகளின் தலை ஜப்பானிய அளவில் வெட்டியது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, இரண்டு முறை வழுக்கினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லீன், ரிச் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வண்டி எதனால் திணறுகிறது என்று ஓட்டுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பொள்ளாச்சி வாசகர்

காதும் சோக்கும் போதும். பெட்ரோல் குறைந்த கலவை, அதாவது லீன், சத்தமே இல்லாமல் வெட்டும். சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் ஒரு வெற்றிடம், பிறகு திடீர் இழுப்பு. பெட்ரோல் கூடிய ரிச் கலவை தடதடக்கும், கனமாக இருமும், புகை கறுக்கும். சந்தேகமாக இருந்தால் இன்ஜின் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். திணறல் குறைந்தால் லீன், மோசமானால் ரிச்.

அடுத்து, எந்த இடத்தில் திணறுகிறது என்பது. கைப்பிடியிலும் அதன் கூட்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத் திருகல் என்று கோடு போடுங்கள். மூன்றாம் கியரில் ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்ச நேரம் பிடித்து ஓட்டுங்கள். முதல் அரைக்கால் திருகலில் தொந்தரவு என்றால் பைலட் ஜெட், ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஃப்யூயல் ஸ்க்ரூ. கால்வரை ஸ்லைடின் வெட்டும், ஸ்லைடில் தொங்கும் ஊசியின் மேல்தண்டும். காலிலிருந்து முக்கால்வரை ஊசியின் கூம்பும் கிளிப் இடமும். அதற்குமேல்தான் மெயின் ஜெட். ‘அரைத் திருகல்’ என்று மனதில் நினைப்பவர்கள் பெரும்பாலும் கால் திருகலில்தான் இருப்பார்கள். டேப் ஒட்டாமல் இந்தச் சோதனையே செய்யாதீர்கள்.

ஃப்யூயல் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைப்பது? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.
— சேலம் வாசகர்

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்குக் கிடையாது. ஆனால் எல்லை உண்டு. எஃப்சிஆரில் இது ஃப்ளோட் கிண்ணத்துக்கு முன்னால், இன்ஜின் பக்கம், அடியில் இருக்கும். வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். முதலில் மெதுவாக உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனை துளையில் பதிந்து துளையைக் கெடுத்துவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஐடிலிங்கைக் கொஞ்சம் குறைத்து வைத்து, கால் சுற்றாக வெளியே எடுத்துக்கொண்டே போங்கள். ஐடிலிங் ஏறி ஓரிடத்தில் நின்று மறுபடி இறங்கத் தொடங்கும். ஏறி நின்ற இடம்தான் உங்கள் இடம்.

அந்த இடம் 1 சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் பெரிது, 2½ சுற்றைத் தாண்டினால் சிறிது. 42-இலிருந்து 45-க்குப் போவது பார்வைக்குச் சின்ன எண்தான், துளையின் பரப்பளவில் 15 சதவீதம். அதனால் ஒரே நாளில் இரண்டு அளவு தாண்டாதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்ற அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். அந்தக் குட்டி ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், விழுந்தால் தரையில் கண்ணுக்கும் தெரியாது. அது இல்லாவிட்டால் அந்த வழியே காற்று உறிஞ்சும், எத்தனை திருகினாலும் ஐடிலிங் நிற்காது.

முறுக்கி விட்டதும் ஐடிலிங் உடனே இறங்காமல் உயரத்திலேயே தொங்கினால் அதுவும் லீன் அறிகுறி. ஸ்க்ரூவைத் தொடுமுன் காற்றுக் கசிவு இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்புக் குழாயின்மேல் டபிள்யூடி-40-ஐ லேசாக அடியுங்கள், ஐடிலிங் மாறினால் அங்கே கசிவு. சூடான சைலன்சர் பைப்பின்மேல் படாமல் அடிக்க வேண்டும். ஹாட்-ஸ்டார்ட் லீவர் (சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடுதல் காற்று விடுவது) உள்ள வண்டி என்றால் அதன் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். தொய்வு இல்லாவிட்டால் பிளஞ்சர் முழுதாக உட்காராமல் எப்போதும் காற்று விட்டுக்கொண்டே இருக்கும்.

சுசுகி ஜெபெல் 250 வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் சிவி வகை. முறுக்கினால் மெதுவாகத்தான் எழும்புகிறது. ஸ்லைடின் அடியிலுள்ள துளையைப் பெரிதாக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
— யாழ்ப்பாண வாசகர்

பொறுங்கள். ட்ரில் மெஷினைக் கையில் எடுக்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். சிவி வகையில் கேபிள் திறப்பது அடியிலுள்ள பட்டாம்பூச்சி வால்வை மட்டும்தான். ஸ்லைடைத் தூக்குவது வெற்றிட இழுவிசை. அதனால் எஃப்சிஆர்போல ஒரேயடியாகத் திறந்து காற்று பாயாது, ஆனால் அந்த இழுவிசையைப் பிடித்து வைக்கும் ரப்பர் டயஃப்ரத்தில் ஒரு சிறு கிழிசல் விழுந்தாலும் ஸ்லைடு ஒழுங்காக எழாது. நீங்கள் எழுதியிருப்பது அச்சாக அந்த அறிகுறி.

ஸ்லைடை விரலால் மேலே தூக்கி விடுங்கள். தடையில்லாமல், மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டும். பாதியில் தட்டி நின்றால் சுவரில் பிசின் படிந்திருக்கிறது. தூக்கிய நிலையில் கீழேயுள்ள காற்றுத் துளையை விரலால் அடைத்துப் பிடித்தால் ஸ்லைடு கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். உடனே விழுந்தால் டயஃப்ரம் ஓட்டை, அல்லது அதன் விளிம்பு காடியில் உட்காரவில்லை. விளிம்பு வெளியே பிதுங்கியபடி மூடியைப் போட்டுத் திருகிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பெட்ரோல் பட்டு ரப்பர் ஊதியிருந்தால் ஒரு மணி நேரம் வெளியே வைத்து உலரவிடுங்கள், சுருங்கிவிடும். ரப்பரின்மேல் கார்ப் கிளீனர் அடிக்கவே கூடாது.

துளையைப் பெரிதாக்கினால் ஸ்லைடு வேகமாக எழும் என்பது உண்மை. ஒரு அளவுக்கு மேல் போனால் எஃப்சிஆரின் அதே ‘பொக்’ இங்கேயும் வரும், ஈடுகட்டப் பம்ப்பும் கிடையாது. போட்ட துளையை மூடவும் முடியாது.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடும் வண்டி ஊட்டி போனால் தடதடக்கிறது. ஏன்?
— மேட்டுப்பாளைய வாசகர்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் எடை 20 சதவீதம் குறையும்போது கார்புரேட்டர் உறிஞ்சும் பெட்ரோல் 10 சதவீதம்தான் குறையும். மீதி உபரி, அதாவது ரிச். ஒருநாள் போய்வருவதற்கு ஃப்யூயல் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பி, ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றினால் போதும். கிளிப் மேலே ஏறினால் ஊசி கீழே இறங்கும், இதில் குழம்பாதவர்கள் குறைவு. அங்கேயே வைத்து ஓட்டுவதென்றால் மெயின் ஜெட்டையும் குறையுங்கள். துளையின் விட்டம் 5 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 10 சதவீதம் குறையும், ஆகவே 170 என்றால் 162. கீழே இறங்கும்போது மறக்காமல் பழையதைப் போடுங்கள். லீனாக ஓடினால் இன்ஜின் சூடேறும். ரிச் அவ்வளவு ஆபத்தில்லை, பிளக்தான் கறுக்கும்.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றழுத்தத்தைச் சென்சார் பார்த்துக்கொள்ளும்.

என் ஹோண்டா சிஆர்எஃப்250ஆர் கார்புரேட்டர் மாடல். சமதரையில் குறையில்லை. குதித்து இறங்கிய உடனேயும், மேடுபள்ளம் வரிசையாக வரும் இடத்திலும் மட்டும் அடைக்கிறது.
— பெங்களூரு வாசகர்

ஜெட்டை விடுங்கள், கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைப் பாருங்கள். இறங்கும் அடியில் கிண்ணத்துப் பெட்ரோல் எழும்பி வழிந்து தொண்டைக்குள் போகிறது, அல்லது ஜெட்டை விட்டு விலகிவிடுகிறது. கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில், கேஸ்கட் பரப்பிலிருந்து ஃப்ளோட்டின் விளிம்புவரை அளவெடுங்கள். எஃப்சிஆரில் இது 8 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் ஆண்டு மாடலின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு கூடினால் பெட்ரோல் மட்டம் தாழ்வு, குறைந்தால் உயர்வு. நாக்கை இடுக்கியால் நூலிழை அளவே வளையுங்கள். ஊசிமுனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் வளைத்துப் பயனில்லை, ஊசியையே மாற்றுங்கள்.

கூடவே கார்புரேட்டரிலிருந்து தொங்கும் காற்றுக் குழாய்களையும் கவனியுங்கள். அவற்றின் வாயில் சேறு அடைத்தாலும், ஓடையைக் கடக்கும்போது எல்லாக் குழாயும் ஒரேசமயம் தண்ணீரில் முங்கினாலும், கிண்ணத்துக்குக் காற்று போகாமல் பெட்ரோல் நின்றுவிடும். ஒரு குழாயில் டி-இணைப்பு வைத்து ஒரு கிளையை டேங்க் அடிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் சைலன்சரை மாற்றினேன். அதிலிருந்து குறைந்த வேகத்தில் முறுக்கினால் ஒரு தயக்கம், விட்டால் பட்பட் என்று வெடிப்பு.
— மதுரை வாசகர்

பெண்ட் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தின் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டீர்களா? பெரும்பாலும் பழையதையே நசுக்கி வைத்து மாட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இரண்டு விளைவு: எரியாத பெட்ரோல் பைப்பிலேயே வெடிக்கும், ஆக்ஸிஜன் சென்சார் அந்த வெளிக்காற்றைப் பார்த்து ‘லீன்’ என்று தவறாகச் சொல்லும், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவிப் பாருங்கள், கசிவு இருந்தால் நுரை குமிழிடும். கேஸ்கட் சரியான பிறகும் தயக்கம் இருந்தால் சென்சார் ஒயர் கப்ளர் முழுதாகப் பூட்டியிருக்கிறதா, ஆக்ஸிலேட்டர் கேபிளில் தொய்வு அதிகமா என்று பார்த்துவிட்டு, பழைய சைலன்சரை ஒருநாள் மாட்டி ஓட்டுங்கள். அதில் தயக்கம் போய்விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவும் செலவு மிச்சம்.

கவாசாகி கேஎக்ஸ்450எஃப் வண்டியோடு மூன்று நிறத்தில் கப்ளர்கள் கொடுத்தார்கள். எது திணறலைக் குறைக்கும்?
— ஓசூர் வாசகர்

பச்சை சாதாரண மேப் (இன்ஜின் கணினி பின்பற்றும் அமைப்பு), கறுப்பு கடினத் தரைக்கு, வெள்ளை இளகிய தரைக்கு. தரைக்கேற்பத் தேர்ந்தெடுக்கத்தான் இவை, கோளாறை மறைக்க அல்ல. பச்சையில் திணறும் வண்டியில் டேங்க்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் ஃபில்டரை முதலில் பாருங்கள்.

மூன்று மாதம் ஓட்டாமல் வைத்திருந்தேன். இப்போது சோக் இழுத்தால்தான் நிற்கிறது.
— திருச்சி வாசகர்

கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிப் பைலட் ஜெட்டை அடைத்துவிட்டது. ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமான, முழு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை வடிவம் தெரிந்தால் பாதி அடைப்பு. இரவு முழுக்கக் கார்ப் கிளீனரில் ஊறவிட்டுக் காற்று ஊதுங்கள். இனி வண்டியை நிறுத்தும்போது கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிடுங்கள்.

இப்போதைய இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இன்னொரு கணக்கும் உண்டு. சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 போதும். அதாவது பழைய பெட்ரோலுக்கு ஜெட் அமைத்த கார்புரேட்டர் இ20-இல் தானாகவே லீன். ஃப்யூயல் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தால் பல வண்டிகளுக்கு அதுவே போதுமானது.

2008 ஒய்இசட்250எஃப். பம்ப், ஜெட், ஃப்ளோட் எல்லாம் புதிது. இருந்தும் குறைந்த வேகத்தில் உயிரில்லை. காலையில் இருபது உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது.
— நாமக்கல் வாசகர்

அந்த இருபது உதைதான் விடை. டாப்பெட் இடைவெளியைப் (வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். இன்ஜின் ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் நிற்கும்போது, இன்டேக் 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.22 மி.மீ. இருக்க வேண்டும். இன்டேக்கில் 0.10 ஃபீலர் கேஜ் நுழையவில்லை என்றால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியக்கூடும். இதை எந்தக் கார்புரேட்டராலும் சரிசெய்ய முடியாது.

இந்த வால்வுகள் டைட்டானியம். மேலே மெல்லிய பூச்சு, அது தேய்ந்தால் பிறகு வேகமாக உள்ளே இறங்கும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றி இடைவெளி வைத்து, சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடி இறுகினால் மூன்றாவது ஷிம் வாங்காதீர்கள், வால்வையும் சீட்டையும் சேர்த்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கழற்றிய கையோடு ஏர் ஃபில்டர் உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால், வால்வைத் தின்றது அந்தப் புழுதிதான். விளிம்பில் கிரீஸ் தடவி ஃபில்டரைச் சரியாக உட்கார வைக்காமல் புதிய வால்வு போட்டால் அதுவும் இதே வழியில் போகும்.